மூணு குட்டி அடி

ஒரு எலி விஷத்தோட பேர்ல இருந்து இன்னைக்கு ஆரம்பிக்கலாம். ட்ரெஸ் பசீத்தோஸ். ஸ்பானிஷ்ல 'மூணு குட்டி அடி'ன்னு அர்த்தம். தின்ன எலி மூணு அடி வைக்கிறதுக்குள்ள விழுந்துடுமாம். டொமினிக்கன் குடியரசு மாதிரி லத்தீன் அமெரிக்க நாடுகள்ல இருந்து வந்து, நியூயார்க்கில் புலம்பெயர்ந்தவங்க வாழ்ற பகுதிகள்ல விற்பனையான சரக்கு இது. அமெரிக்காவில் சட்டவிரோதம்.

உள்ளே இருந்தது ஆல்டிகார்ப். வயலுக்கான பூச்சிமருந்து. மண்ணுக்குள்ள போடுற குருணை, அதையும் பயிற்சி பெற்றவங்கதான் தொடலாம். நரம்பு தசைக்கு அனுப்புற சிக்னலை நிறுத்த உடம்புல ஒரு நொதி இருக்கு. ஆல்டிகார்ப் அதை முடக்கிடும். எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், தசைகள் துடிக்கும், கடைசில மூச்சு. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனா அட்ரோபின் கொடுத்துக் காப்பாத்தலாம். ஆனா என்ன சாப்பிட்டாங்கன்னு டாக்டருக்குத் தெரியணுமே!

இதோட வரலாறு நம்மூர்ப் பக்கமும் வருது. ஆல்டிகார்பை 'டெமிக்'ங்கிற பேர்ல சந்தைக்குக் கொண்டுவந்தது யூனியன் கார்பைடு. அதுக்கு வேண்டிய மூலப்பொருள் மீத்தைல் ஐசோசயனேட். ஆமா, 1984 டிசம்பர்ல போபால்ல கசிஞ்ச அதே வாயு. அடுத்த ஆகஸ்ட்ல, அதே கம்பெனியோட மேற்கு வர்ஜீனியா ஆலையில ஆல்டிகார்ப் தயாரிப்புக்கான ரசாயனம் கசிஞ்சு நூத்துக்கும் மேற்பட்டவங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அதுக்கு முந்தின மாசம்தான் கலிஃபோர்னியாவில் தர்பூசணி சாப்பிட்டவங்க கூட்டம் கூட்டமா நோயில விழுந்தாங்க. அந்தப் பழங்கள்லயும் ஆல்டிகார்ப்தான். செய்ற இடத்துலயே இவ்வளவு ஆபத்தான ஒண்ணு, அடுப்படி மூலைக்கு வந்து சேர்ந்துச்சு.

நியூயார்க்கில் 1994-க்கும் 1997-க்கும் நடுவுல இதனால பாதிக்கப்பட்டவங்களைப் பத்தி சிடிசி தன்னோட வார அறிக்கையில் எழுதியது. அப்புறம் எச்சரிக்கை, கடைகள்ல சோதனை எல்லாம் வழக்கம்போல.

இதைக் கேட்டதும் 'படிக்காத ஜனங்க'ன்னு சொல்லத் தோணும். எனக்கு அது பிடிக்கல. எங்க வீட்ல எலி பேஸ்ட்தான். தக்காளித் துண்டுல தடவி பீரோவுக்குப் பின்னாடி வைப்பாங்க அம்மா. அந்த ட்யூப்ல என்ன எழுதியிருக்குன்னு நாங்க யாருமே படிச்சதில்ல. பாட்டி வாங்கின பிராண்டு, அவ்வளவுதான். நியூயார்க் வந்த குடும்பத்துக்கும் அப்படித்தான். ஊர்ல பாத்த பேரு, தெரிஞ்ச கடைக்காரர், சொந்த மொழி. அந்தப் பக்கம், சுவத்துல ஓட்டையை அடைக்காத வீட்டுக்காரர்.

வேகமும் ஒரு காரணம். 1940-கள்ல வந்த வார்ஃபரின் வகை மருந்து ரத்தத்தை உறைய விடாது. எலி சாக சில நாள் ஆகும், அதுவும் எங்கேயோ மறைவுல. காசு கொடுத்தவங்களுக்கு எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். 'மூணு அடி'யோ பிணத்தைக் கண்ணெதிர்ல காட்டும். ஆனா வேடிக்கை என்னன்னா, எலியை ஒழிக்க மெதுவான மருந்துதான் நல்லது. தின்னவுடனே உடம்பு படுத்தினா, பிழைச்ச எலி அந்தத் தீனியைத் திரும்பத் தொடாது.

மொழி மாறினாலும் இதே கதைதான். 2002-ல நியூயார்க்கில் 15 மாசப் பெண் குழந்தை ஒண்ணு, சமையலறையில கிடந்த வெள்ளைப் பொடியை வெச்சு விளையாடுச்சு. சீனாவில் இருந்து கொண்டுவந்த எலி மருந்து. கொஞ்ச நேரத்துலயே வலிப்பு. பொடியில இருந்தது டெட்ராமின், சீனாவிலேயே தடை செஞ்சது. அதுக்கு மாற்று மருந்தே கிடையாது. குழந்தை பிழைச்சுது, ஆனா மூளை வளர்ச்சி பாதிச்சுடுச்சு.

பாக்கெட்டுல எழுதியிருந்தது சீன மொழியில. உள்ளே இருக்கிறது என்னன்னு ஆஸ்பத்திரிக்குத் தெரிய ஆய்வகம் தேவைப்பட்டுச்சு.