பெயர் மறந்த இடத்தில் பேய்

அக்டோபர் இறுதி நெருங்கும்போது, பேய் உலவுவதாகச் சொல்லப்படும் பழங்கோட்டைகளையும் பாழடைந்த மாளிகைகளையும் தேடிச் செல்லும் வழக்கம் அண்மைக் காலத்தில் நம் இளைஞரிடையேயும் பரவி வருகிறது. 'ஹாலோவீன்' என்னும் மேலைநாட்டு நாளையொட்டிய இவ்வழக்கத்தை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், மனிதர் வாழ்ந்து மறைந்த ஓர் இடம் எப்போது, எதனால் பேயிடமாக மாறுகிறது என்று கேட்டுப் பார்த்தல் அதனினும் பயனுடையது.

ஹாலோவீனின் வேரில் இருப்பது நீத்தார் நினைவுதான். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் இறந்தோர் திரும்பி வருவர் என்ற கெல்டிக் மக்களின் நம்பிக்கையோடு, நவம்பர் 1-இல் வரும் புனிதர் அனைவர் திருநாளும், 2-இல் வரும் இறந்தோர் நினைவு நாளும் இணைந்து உருவானது அது. அந்த நவம்பர் 2-ஐத்தான் தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாள் என்று பூவும் மெழுகுவத்தியும் வைத்துப் போற்றுகின்றனர். புரட்டாசியில் நமக்கு மகாளய அமாவாசை. தீபாவளிக்கு முந்தைய சதுர்த்தசியில் வங்காளத்தார் முன்னோருக்காகப் பதினான்கு விளக்கேற்றுவர்; அந்நாளின் பெயரே பூத சதுர்த்தசி. ஆண்டின் இப்பருவம் இறந்தோரை நினைக்கும் பருவம் என்பதில் உலகின் பல மூலைகள் ஒன்றுபடுகின்றன. நினைவு கழன்று அச்சம் மட்டும் எஞ்சும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இதற்கு நம் நாட்டில் பெயர்பெற்ற சான்று இராசத்தானத்துப் பான்கர் கோட்டை. 16-ஆம் நூற்றாண்டில் பகவந்த் தாஸ் எழுப்பிய நகரம் அது. சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் நுழையக் கூடாது என்று தொல்லியல் துறை அங்கே வைத்துள்ள அறிவிப்புப் பலகையை, 'அரசே பேயை ஒப்புக்கொண்டது' என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். தனியே நேரம் குறிக்கப்படாத பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள் கதிரவன் எழுவது முதல் மறைவது வரை மட்டுமே திறந்திருக்க வேண்டும் என்பது 1959-ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ள பொதுவான ஏற்பாடு. பான்கரைப் பற்றி இளவரசி ரத்னாவதியும் மந்திரவாதியும் வரும் சாபக் கதையை அறியாத பயணி அரிது. 1783-ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின் அந்நகரம் குடியற்றுப் போயிற்று என்ற செய்தியை அறிந்தவரோ மிகச் சிலர். பசியால் ஊரைவிட்டுப் போன மக்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் சாபக் கதை குடியேறியது.

இனி நம் பக்கம் வருவோம். ரிஷிவந்தியத்துக்கு வடகிழக்கே, பெண்ணையாற்றங்கரையில் உள்ளது திருக்கோயிலூர். நண்பன் பாரி மாண்டபின், அவன் மகளை மலையனுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீயில் புகுந்தார் என்று இவ்வூர்க் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. அந்த இடமாகக் கருதப்படும் ஆற்றுப்பாறையை இன்றும் கபிலர் குன்று என்றே வழங்குகிறோம். தற்கொலை நிகழ்ந்த இடத்தில் ஆவி அலையும் என்பது நாட்டார் நம்பிக்கை. எனினும் கபிலர் குன்றின் உச்சியில் இருப்பது ஒரு சிறு கோயில். அங்கு இறந்தவர் யார், ஏன் இறந்தார் என்பதை ஊர் மறக்காததே இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இறந்தவரைப் பெயரோடு நிறுத்திவைக்கும் இம்மரபுக்கு இலக்கணமே உண்டு. கல்லைத் தேர்வது முதல் நட்டு வாழ்த்துவது வரை நடுகல்லுக்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு, வீரன் பெயர், அவன் இறந்த காரணம் ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரன் கருந்தேவகத்தியோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயும் உள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும் கல்லிலேயே உள்ளது. எழுத்தைப் படிக்க அறியாத பிற்காலத்தாரும் இத்தகைய கற்களை வேடியப்பன் என்று வழிபட்டுக் காத்தனர். அக்கற்கள் பல நம் காலம் வரை எஞ்சியதில் அவ்வழிபாட்டுக்கும் பங்குண்டு.

செஞ்சிக் கோட்டையில் இவ்விரு நிலைகளையும் ஒரே குளக்கரையில் காணலாம். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்து 1714 அக்டோபர் 3-இல் போரில் மாண்ட இளைஞன் தேசிங்கு (தேஜ் சிங்) எரியூட்டப்பட்டதாகவும், அவன் மனைவி உடன்கட்டை ஏறியதாகவும் சொல்லப்படும் இடம் செட்டிகுளத்தின் கரை. துயர மரணங்கள்தாம், ஆயினும் தேசிங்குராசன் கதைப்பாடல் அவனையும், அவன் குதிரையையும், இசுலாமியத் தோழனையும் தமிழ்நாடெங்கும் வாழவைத்துவிட்டது.

அக்குளத்துக்கு அருகிலேயே இருக்கிறது கைதிகள் கிணறு. சிறிய பாறை ஒன்றன்மேல் நிற்கும் பெரும்பாறையின் உச்சியில் உள்ள குழிவு அது. மரண தண்டனை பெற்றோரை அதனுள் தள்ளிப் பட்டினியால் சாகவிட்டனர் என்பது செவிவழிச் செய்தி. மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைமாறிய கோட்டை இது. உள்ளே தள்ளப்பட்டோரில் ஒருவர் பெயரையும் கிணறு சொல்வதில்லை. எடுத்தனூரில் ஒரு நாய்க்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

2025 சூலையில் மராத்தியப் படைத்தளங்களுள் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. இனி அங்குக் கூட்டம் பெருகும். கூட்டத்தோடு கதைகளும் பெருகும். தேசிங்கைத் தொட அவற்றால் இயலாது. கிணற்றில் மடிந்தோரைத்தான் அவை முதலில் பேயாக்கும்.

அதைத் தடுக்கப் பேய் இல்லை என்று வாதிடுவது போதாது. அக்டோபர் இறுதியில் கோட்டைக்குப் போக விரும்பும் மாணவர்கள் தாராளமாகப் போகட்டும். வாயில் அடைக்கும் முன் திரும்பிவிடட்டும். போகும் வழியில் திருக்கோயிலூரில் இறங்கிக் கபிலர் குன்றையும் கீழையூர்க் கல்வெட்டையும் பார்க்கட்டும். ஊருக்குத் திரும்பியதும், தம் ஏரிக்கரையிலோ வேப்பமரத்தடியிலோ சாய்ந்து கிடக்கும் கல்லில் எழுத்து உண்டா என்று ஒருமுறை தடவிப் பார்க்கட்டும். அதில் ஒரு பெயர் தெரிந்தாலும், அங்கே அஞ்சுவதற்கு ஒன்றுமிராது.