ஜின்–டானிக்கும் நீலகிரிச் சின்கோனாவும்: ஒரு மருந்துக்கதையின் மறுஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படைவீரர்கள் மலேரியாவுக்கு மருந்தாக உண்ட கொயினாவின் கசப்பை மறைக்க ஜின் கலந்து பருகியதால் ‘ஜின்–டானிக்’ தோன்றியது என்பது பரவலாக வழங்கும் கதை. கொயினாவின் மருந்தளவு, சோடாத் தொழிலின் வளர்ச்சி, அச்சுச் சான்றுகள் ஆகியவற்றைக் கொண்டு இக்கதையை இக்கட்டுரை சோதிக்கிறது. அப்பானம் மருந்தாக அன்றி, பொழுதுபோக்குப் பானமாகவே வழக்கில் இருந்தது என்பதையும், கொயினாவின் உண்மையான இந்திய வரலாறு நீலகிரித் தோட்டங்களில் தேடத்தக்கது என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கொயினா, சின்கோனா, டானிக் நீர், நீலகிரி, நடுவட்டம், மலேரியா.

முன்னுரை

வடித்தெடுத்த மது ஒரு பங்கும், மதுவற்ற நீர்மம் அதனினும் மிகுதியாகவும் சேர்த்து, உயரமான கண்ணாடிக் குவளையில் பருகப்படும் கலப்புப் பானங்கள் ‘ஹைபால்’ எனப்படுகின்றன. பிராந்தி–சோடா, விஸ்கி–சோடா, ஜின்–டானிக் ஆகியன இவ்வகையின. இவற்றுள் ஜின்–டானிக்குக்கு மட்டுமே மருத்துவப் பெருமை கற்பிக்கப்படுகிறது. பேரரசின் படையைக் காத்த பானம் என்னும் அப்பெருமை நூல்களிலும் விளம்பரங்களிலும் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படுகிறது. கியூ தாவரவியல் பூங்கா 2019இல் வெளியிட்ட டானிக் நீர் பற்றிய நூலில் கிம் வாக்கரும் மார்க் நெஸ்பிட்டும் இக்கதைக்குப் போதிய சான்றில்லை என்பதைச் சுட்டிக்காட்டினர். அவ்வினாவைத் தென்னிந்தியச் சூழலோடு இணைத்துக் காண்பது இங்கு நோக்கம்.

கொயினாவும் அதன் அளவும்

தென் அமெரிக்க ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை எட்டியது. பெரு நாட்டு ஆளுநரின் மனைவியான சின்சோன் சீமாட்டி அப்பட்டையால் நலம் பெற்றார் என்ற கதையை நம்பியே லின்னேயஸ் 1742இல் அம்மரத்துக்குப் பெயரிட்டார். அக்கதை புனைவு என்பதை 1941இல் ஹாகிஸ் ஆவணங்களைக் கொண்டு காட்டினார். ஆகவே, சின்கோனாவைச் சுற்றிக் கதைகள் எழுவது புதிதன்று.

1820இல் பெல்லத்தியே, கவந்து ஆகிய பிரெஞ்சு வேதியியலர் இருவரும் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். அதன் பின்னரே மருந்தை அளந்து கொடுப்பது எளிதாயிற்று. 1854இல் நைஜர் ஆற்றில் சென்ற ‘பிளையட்’ கப்பலின் குழுவினருக்குப் பெய்க்கி நாள்தோறும் கொயினா கொடுத்தார். அப்பயணத்தில் காய்ச்சலால் எவரும் இறக்கவில்லை. கொயினா உப்பு தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. ஆதலால் கடற்படையில் அது திராட்சை மதுவில் கலந்து கொடுக்கப்பட்டது. மதுவும் கொயினாவும் இணைந்தது இங்ஙனம் மருத்துவர் மேற்பார்வையில்தான். டானிக் நீருக்கு அதில் பங்கில்லை.

அளவை நோக்கினால் வேறுபாடு மேலும் தெளிவாகும். அமெரிக்க உணவு விதிகளின்படி ஒரு லிட்டர் டானிக் நீரில் கொயினா 83 மில்லிகிராமுக்கு மிகாது. மலேரியா நோயாளியான வளர்ந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மும்முறை 600 மில்லிகிராம் வீதம் கொடுப்பது வழக்கம். இவ்வளவைப் பெற அவர் ஏறத்தாழ 22 லிட்டர் டானிக் நீரைப் பருகவேண்டும். இக்கால விதியை 19ஆம் நூற்றாண்டின் மீது அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. எனினும், சுவைக்காகச் சேர்க்கும் கசப்பும் நோய்க்காகக் கொடுக்கும் மருந்தும் வெவ்வேறு அளவின என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

சோடாவும் பனிக்கட்டியும்

ஹைபால் வகைப் பானம் உருவாக மதுவைவிட நீர்மத்தின் வரலாறே இன்றியமையாதது. நீரில் கரியமிலவாயுவை ஏற்றும் முறையை ஜோசப் பிரீஸ்ட்லி 1772இல் நூலாக வெளியிட்டார். ஜெனீவாவில் 1783இல் அதனைத் தொழிலாக்கிய யாக்கோப் ஷ்வெப் 1792இல் லண்டனுக்குப் பெயர்ந்தார். 1872இல் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற கண்ணாடிக் கோலி அடைப்புப் புட்டியே தமிழகத்தில் ‘கோலி சோடா’ என வழங்கலாயிற்று. அமெரிக்காவின் டியூடர் நிறுவனம் 1833இல் கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி கொண்டுவந்தது. 1840களில் சென்னைக் கடற்கரையில் அதனைச் சேமிக்கக் கட்டிய ‘ஐஸ் ஹவுஸ்’ இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் முதலில் விரும்பியது பிராந்தியும் தண்ணீரும் கலந்த ‘பிராந்தி பானி’. சோடா கிடைத்தபின் அது பிராந்தி–சோடாவாயிற்று. ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைப் பைலோக்சிரா பூச்சி அழித்தபின் விஸ்கி–சோடா மேலோங்கியது. ஜின்–டானிக் இவ்வரிசையில் பின்னர் வந்து சேர்ந்த ஒன்று. இப்பானங்களுக்கெல்லாம் பொதுவான நோக்கம் வெப்பத்தைத் தணித்தலும் மதுவின் கடுமையைக் குறைத்தலுமே.

1868ஆம் ஆண்டுச் சான்று

லண்டனைச் சார்ந்த எராஸ்மஸ் பாண்ட் டானிக் நீருக்கு 1858இல் காப்புரிமை பெற்றார். அது செரிமானத்துக்கும் பொதுவான உடல்வலிவுக்கும் உரியதாக விற்கப்பட்டது. ‘டானிக்’ என்னும் சொல்லின் அக்காலப் பொருளும் அதுவே. தமிழில் இன்றும் ‘டானிக்’ என்றால் உடல் தேறுவதற்காகக் குடிக்கும் பாகுமருந்தையே குறிக்கும்; காய்ச்சல் மருந்தைக் குறிப்பதில்லை. 1870களில் ஷ்வெப்ஸ் நிறுவனம் ‘இந்தியன் குயினைன் டானிக்’ என்னும் பெயரில் விற்பனையைத் தொடங்கியது.

ஜின்–டானிக் பற்றி அறியப்பட்ட தொன்மையான அச்சுக் குறிப்பு 1868ஆம் ஆண்டு ‘ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகசின்’ இதழில் உள்ளது. சியால்கோட்டில் நடந்த குதிரைப்பந்தயக் கூட்டத்தில் பிராந்தி–சோடா, சுருட்டு ஆகியவற்றோடு இதனையும் கேட்டுக் குரலெழுப்பினர் என்பதே அதன் செய்தி. மருத்துவமனையோ படைமுகாமின் மருந்தறையோ அங்கு இடம்பெறவில்லை. மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டது 1897இல். அதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பே இப்பானம் கேளிக்கைக் களத்தில் இடம்பிடித்துவிட்டது.

நீலகிரித் தோட்டங்கள்

கொயினாவின் மருத்துவ வரலாறு வேறு களத்தில் நிகழ்ந்தது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் தென் அமெரிக்காவிலிருந்து 1860–61இல் சின்கோனாக் கன்றுகளும் விதைகளும் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டன. ரிச்சர்டு ஸ்புரூசும் ராபர்ட் கிராசும் ஈக்வடாரில் திரட்டிய செம்பட்டை வகை இங்கு நன்கு வேர்கொண்டது. உதகை அரசுத் தோட்டக் கண்காணிப்பாளர் மக்ஐவரின் பொறுப்பில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன.

நடுவட்டத்தில் உழைத்தோருள் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனத் தண்டனைக் கைதிகளும் இருந்தனர். விடுதலைக்குப் பின் அவர்களுட் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட பகுதியில் குடியமர்ந்ததைச் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவுசெய்துள்ளார்.

செம்பட்டையில் கொயினா குறைவு; பிற காரப்பொருள்கள் மிகுதி. அவையும் காய்ச்சலைத் தீர்க்குமா என்பதை அறிய 1866இல் சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணங்களிலும் குழுக்கள் அமைக்கப்பட்டன. நோயாளிகளிடம் நடத்திய சோதனையில் அவையும் கொயினாவுக்கு நெருங்கிய பயன் தருவது தெரியவந்தது. எளிய மக்களுக்கு மலிவான மருந்து கிடைக்க இம்முடிவு வழிதிறந்தது. ஆயினும் நீலகிரிப் பட்டையின் ஒரு பகுதி லண்டன் சந்தைக்கே விற்பனைக்குச் சென்றது. 1865இல் சார்லஸ் லெட்ஜர் வழியே கிடைத்த உயர்வகை விதைகளைக் கொண்டு டச்சுக்காரர் ஜாவாவில் வளர்த்த தோட்டங்கள் உலகச் சந்தையைக் கைப்பற்றின. 1892இல் வங்காளத்தில் அஞ்சலகங்கள் வாயிலாக ஒரு பைசா விலையில் கொயினாப் பொட்டலம் விற்கத் தொடங்கியபோதுதான் அம்மருந்து கிராமங்களை நோக்கி நகர்ந்தது. அதாவது, நீலகிரியில் முதற்கன்றுகள் நடப்பட்டு 30 ஆண்டுகள் கழிந்த பின்னர்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, மருந்தாகிய கொயினா பொடியாகவோ மதுவில் கரைத்தோ தனியே அளந்து கொடுக்கப்பட்டது. இரண்டாவதாக, டானிக் நீர் லண்டன் வணிகத்தின் விளைபொருள். ஜின் அதனோடு சேர்ந்தது சோடாக் கலப்புப் பானங்களின் வழக்கத்தையொட்டியே. மூன்றாவதாக, மருந்துக்கதை கொயினாவின் வரலாற்றை ஆங்கிலேயரின் குவளைக்குள் சுருக்கிவிடுகிறது. நடுவட்டத்துக் கைதிகளின் உழைப்பும், மருந்து எட்டாமல் காய்ச்சலில் மடிந்த கிராம மக்களின் நிலையும் அக்கதையில் இடம்பெறுவதில்லை. சின்கோனாவின் தமிழக வரலாற்றை எழுதுவோர் தொடங்கவேண்டிய இடம் நடுவட்டத்துத் தோட்டங்களே.