சாப்பாட்டுக் கோளாறோடு ஆளுமைக் கோளாறும் சேர்ந்தால்... சிகிச்சை எப்படி?

அளவுக்கு மீறி சாப்பிடுவது, பிறகு எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் வாந்தி எடுப்பது... இதுதான் 'புலிமியா'. உணர்ச்சிகள் சட்டென எல்லை மீறும் 'பார்டர்லைன்' ஆளுமைக் கோளாறும் சிலருக்கு இதோடு சேர்ந்தே இருக்கும். அப்போ எதை முதலில் சரிசெய்வது?

தனித்தனியா பார்த்தா போதாதா?

மனக் கொதிப்பை அடக்கவே சிலர் இப்படிச் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டை மட்டும் சரிசெய்தால், அந்தக் கொதிப்பு தன்னையே காயப்படுத்திக்கொள்வதில் போய் முடியலாம்.

என்னென்ன சிகிச்சை?

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கியது 'டிபிடி'. கொந்தளிப்பைத் தாங்கிக்கொள்ளப் பயிற்சி தரும். ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வடிவமைத்தது 'சிபிடி-இ'. இதில் தினமும் 3 வேளை உணவு, இடையே 2 அல்லது 3 முறை சிற்றுண்டி என நேரம் தவறாமல் சாப்பிடப் பழக்குவார்கள்.

இரண்டையும் எப்படி இணைப்பது?

உயிருக்கு ஆபத்தானதுதான் முதலில். தற்கொலை எண்ணம் மட்டுமல்ல, அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறலாம். அதனால் ரத்தப் பரிசோதனை அவசியம். அடுத்து, சிகிச்சைக்கு வராமல் நழுவுவது போன்ற தடைகள். பிறகே மற்றவை. என்ன சாப்பிட்டோம், அப்போ மனசு எப்படி இருந்தது என இரண்டையும் ஒரே டைரியில் எழுதினால், எது எதைத் தூண்டுகிறது எனத் தெரிந்துவிடும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

'ஒழுங்கா சாப்பிடு' என அதட்டாதீங்க. உணவு, ஆளுமை என இரண்டு பிரச்சினைகளையும் மனநல மருத்துவரிடம் சேர்த்தே சொல்லுங்க. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்: 14416. 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.