அக்கராயன் குளக்கட்டும் துவிச்சக்கரவண்டியும்

நீர் நின்ற இடத்தில் ஊரும், நீர் சென்ற வழியிற் பாதையும் அமைவது வன்னிப் பெருநிலத்தின் இயல்பு. கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயன் இதற்குத் தக்க சான்றாகும். அக்கராயன் என்னும் சிற்றரசன் பெயராலேயே இவ்வூரும் குளமும் வழங்குவதாகச் செவிவழி மரபு கூறும்.

குளக்கட்டு நீரைத் தேக்கும் அணை மட்டுமன்று. ஊரவர் செல்லும் வழியுமாம். துருசினூடாக வெளிப்படும் நீர் வாய்க்கால்களாகப் பிரிந்து வயல்களை அடைய, அவற்றின் கரைகளும் ஒற்றையடிப் பாதைகளாயின. உழவனுக்கென அமைந்த இவ்வழிகள் துவிச்சக்கரவண்டிக்கும் இயைந்தன.

இதன் பயன் போர்க்காலத்தில் நன்கு புலப்பட்டது. 1990களிற் பொருளாதாரத் தடையால் எரிபொருள் அரிதாயிற்று. நெல், விறகு மட்டுமன்றி நோயாளரும் துவிச்சக்கரவண்டியிலே கொண்டுசெல்லப்பட்டனர். 1996இற் கிளிநொச்சி நகரைவிட்டு வெளியேறியோர் பலர் அக்கராயனிலும் அயலூரான ஸ்கந்தபுரத்திலும் தஞ்சம் புகுந்தனர். 2008இல் அடைக்கலம் தந்த ஊரவரும் இடம்பெயர்ந்தனர்; பலருடைய உடைமைகளைச் சுமந்ததும் அவ்வண்டியே. 2009இற் போர் முடிந்த பின்னரே அவர்கள் மீளக் குடியேறினர்.

இன்று முறிகண்டியிலிருந்து மேற்கே வண்டியோட்டி வருவார்க்கு நீர்ப்பரப்பும் மரநிழலும் வயல்வெளியும் இனிய காட்சிகளே. எனினும் அப்பாதையிற் சென்றோரின் வரலாறு பெரும்பாலும் முதியோர் நினைவிலேயே உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இயங்கும் அறிவியல் நகர் அக்கராயனுக்குத் தொலைவிலன்று. மாணவர் அம்முதியோரை நாடி, கேட்டவற்றை எழுத்திற் பதித்தல் காலத்தாற் செய்யத்தக்க பணியாகும்.