வெள்ளம் தொடங்கிய நாள்: மகாவலி முகத்துவாரமும் காப்புறுதிச் சட்டமும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரியும் கொட்டியாரக் குடாவில், 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி கங்கை கடலைச் சேர்கிறது. அதன் கிளையான வெருகலாறு சற்றுத் தெற்கே தனியாகக் கடலில் விழுகிறது. மூதூர், கிண்ணியா, சேருவில, வெருகல் ஆகிய தாழ்நிலங்களைப் பருவமழைக் காலத்தில் மூழ்கடிப்பது உள்ளூர் மழை மட்டுமன்று. மலைநாட்டில் பெய்து, பொலன்னறுவை மாவட்டத்தின் மன்னம்பிட்டியைக் கடந்து இறங்கிவரும் நீரும் அதனுடன் சேர்கிறது. ஆகவே, வயலில் நீர் ஏறுமுன்னரே அது வருகிறது என்ற செய்தி ஊரை எட்டிவிடுகிறது. நட்டத்துக்கான காரணம் தொடங்கிய பின் பெறப்படும் காப்புறுதி செல்லுபடியாகுமா என்ற பழைய வினா, இத்தகைய நிலத்திலேதான் மிகக் கடினமானதாகிறது.

அவ்வினாவுக்கான முதல் விடைகள் கடல் வணிகத்தில் பிறந்தவை. கப்பல் எங்கே இருக்கிறதென்று மாதக்கணக்கில் அறிய இயலாத காலத்தில், அது ஏற்கெனவே மூழ்கியிருந்தாலும் மூழ்காதிருந்தாலும் பாதுகாப்பு உண்டு என்ற வாசகத்தைக் காப்புறுதிப் பத்திரங்களில் சேர்க்கும் வழக்கம் இருந்தது. இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுக் கடற் காப்புறுதிச் சட்டம் அதனை ஏற்றதுடன், காப்புறுதி பெறுபவர் இழப்பை முன்னரே அறிந்திருந்து, காப்புறுதியாளர் அறியாதிருந்தால் பாதுகாப்பு இல்லை என்றும் விதித்தது. இலங்கையில் கடல்சார் விடயங்களுக்கு 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், ஆயுள், தீக் காப்புறுதிகளுக்கு 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் ஆங்கிலச் சட்டத்தையே பொருத்தின. எனவே துறைமுகத்துக்கு வந்த சரக்குக்கு உரிய அளவுகோல், நிகழ்ந்தது எப்போது என்பதைவிட யார் எதை அறிந்திருந்தார் என்பதாகவே இருந்தது.

ஆற்று வெள்ளத்துக்கு இந்த அளவுகோல் போதவில்லை என்பதை அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. அங்கு 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டத்தில் காத்திருப்புக் காலம் 5 நாட்களாக இருந்தபோது, 1993ஆம் ஆண்டின் மிசிசிப்பிப் பெருவெள்ளம் மெல்ல இறங்கிவருவதைக் கண்டு கீழ்ப்புற மக்கள் பத்திரம் வாங்கினர். அடுத்த ஆண்டே அக்காலம் 30 நாட்களாக உயர்த்தப்பட்டது. பத்திரம் நடைமுறைக்கு வரும்போது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வெள்ளத்தால் விளையும் நட்டத்துக்கு இழப்பீடு இல்லை என்ற விலக்கும் அதில் உண்டு. 2011இல் மிசூரி ஆற்றின் அணைகள் திறக்கப்பட்டபோது, வெள்ளம் எந்த நாளில், எந்த இடத்தில் தொடங்கியது என்பதே வழக்காயிற்று. மகாவலியின் வான் கதவுகளை, அதாவது நீர்த்தேக்கம் நிரம்பும்போது மேலதிக நீரை வெளியேற்றும் கதவுகளை, அறிந்தவர்களுக்கு இவ்வழக்கு அயலானதன்று.

கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, தொடக்க நேரம் குறித்து ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. 2011இன் நிலை வேறு. ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, பொலன்னறுவை மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளம் முற்றாக வடியுமுன்னரே, பெப்ரவரி மழை மீண்டும் நீரைக் கொணர்ந்தது. இரண்டும் ஒரே நிகழ்வா, இரு நிகழ்வுகளா என்பது வெறும் கணக்கு வினா அன்று. இரண்டுக்கும் இடையே பெறப்பட்ட பத்திரத்தின் மதிப்பே அதில் தங்கியிருக்கும். காப்புறுதி நிறுவனங்கள் தமது பொறுப்பின் ஒரு பகுதியைப் பிற நிறுவனங்களுக்கு மாற்றும் மீள்காப்புறுதி ஒப்பந்தங்களில், வெள்ளத்துக்குப் பெரும்பாலும் 168 மணித்தியாலங்கள் ஒரு நிகழ்வாகக் கொள்ளப்படுகின்றன. வாரக்கணக்கில் நீர் தேங்கும் வெருகலாற்றங்கரைக்கு அந்த எல்லை பொருந்துவது அரிது.

நெல்லைப் பொறுத்தவரை அரசு வேறு வழியை நாடியது. 1958இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1961ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெற்று, 1973இலும் 1999இலும் திருத்தியமைக்கப்பட்ட பயிர்க் காப்புறுதி, போகத்தை அடிப்படை அலகாகக் கொண்டது. பெரும்போக விதைப்பு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நடைபெறுவதும், ஆற்று வெள்ளம் பெரும்பாலும் அதன் பின்னரே வருவதும் இவ்வலகுக்குப் பொருத்தமளித்தன. எனினும், கையில் பணமில்லாத கமக்காரருக்குக் காப்புறுதியின் நினைவு வருவது வானம் இருண்ட பின்னரே; அதனை வஞ்சகமாகக் கருதுவது அநீதியாகும். வங்கிகள், நிதி மற்றும் காப்புறுதி நிறுவனங்களின் வரிக்குப் பிந்திய இலாபத்தில் 1 சதவீதத்தைப் பெற வகைசெய்த 2013ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பயிர்க் காப்புறுதி அறவீட்டுச் சட்டம், அந்தச் சுமையைக் கமக்காரரின் தோளிலிருந்து ஓரளவு இறக்கியது.

2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக நடைமுறைக்கு வந்த இயற்கை அனர்த்தக் காப்புறுதி இன்னும் ஒரு படி முன்னே சென்றது. கட்டுப்பணத்தை அரசே செலுத்தியதால், உயிரிழப்புக்கு 1 இலட்சம் ரூபாவும், வீடு அல்லது சிறு வணிகத்தின் சொத்திழப்புக்கு 25 இலட்சம் ரூபா வரையும், எவரும் தனியே பத்திரம் வாங்காமலே வழங்க ஏற்பாடாயிற்று. வாங்கிய நாள் என்ற ஒன்று இல்லாதபோது, வெள்ளத்துக்கு முன்னரா பின்னரா என்ற கேள்வியும் எழுவதில்லை. மே மாதத்திலேயே நாட்டைத் தாக்கிய வெள்ளமும் மண்சரிவும் அத்திட்டத்தின் முதற் சோதனையாயின. அந்த உச்சவரம்புக்கு மேற்பட்ட சொத்துடைய நெற்களஞ்சியத்தாரும் அரிசி ஆலையாரும் தனிப் பத்திரத்தையே நாட வேண்டியிருப்பதால், அவர்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி உயிருடனேயே இருக்கிறது. அவர்களின் பத்திரங்களில் வெள்ளத்தின் தொடக்கம் முழு ஆற்றுப் படுகைக்கும் ஒரே நாளாகக் குறிக்கப்படாமல், நீர் அந்தந்த இடத்தை அடைந்த நேரத்தையும், வான் கதவு திறக்கப்பட்ட அறிவித்தல் உரிமையாளருக்குக் கிட்டிய நேரத்தையும் சேர்த்து வரையறுக்கப்படுவதே நியாயமானது.