ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி: புவி வெப்பமாதல் பற்றிய மக்கள் புரிதலும் முடிவெடுப்பும்

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் – கிருஷ்ணகிரி தொழில் வட்டாரத்தில், வெப்பநிலை மாறிவருவதை மக்கள் அறிந்த வழி ஒன்று. அதன்மேல் முடிவுகள் எடுக்கப்பட்ட வழி வேறொன்று. அறிவு மாந்தோப்பிலும் ரோஜாக் குடிலிலும் ஆற்றங்கரையிலும் சேர்ந்தது. முடிவுகள் சென்னையிலும் டெல்லியிலும் நிறுவனங்களின் தலைமையகங்களிலும் பிறந்தன. இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்த தருணங்கள் மிகக் குறைவு. இவ்வட்டாரத்தில் இப்பொருளின் வரலாறு பெரும்பாலும் இந்த இடைவெளியின் வரலாறுதான்.

நிலமும் தொழிலும்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலுமலைக் கணவாய் இறங்கிக் கிருஷ்ணகிரிக்கு வந்தால் ஏறத்தாழ 400 மீட்டர் கீழே வந்துவிடுகிறோம். வெயிலின் கடுமை உடனே தெரியும். ஆங்கிலேயர் காலத்தில் கால்நடைப் பண்ணைக்கு இந்த மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும், பிற்காலத்தில் ரோஜா இங்கே பயிரானதற்கும் குளிர்ச்சிதான் காரணம். ஆலைகள் வந்த காரணம் வேறு: பெங்களூரு 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது, நிலம் மலிவாகக் கிடைத்தது, பின்தங்கிய பகுதிக்கான அரசுச் சலுகையும் இருந்தது. 1971-ல் உருவான மாநில அரசின் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. அப்போது இப்பகுதி தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்.

1980-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட்டை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், வால்போல நீலப்புகை. பால்காரருக்கும் பூக்காரருக்கும் காய்கறி மூட்டை ஏற்றுபவருக்கும் முதல் மோட்டார் வண்டி அதுதான். புகை கேடு என்று அன்றும் தெரியும். ஆனால் கேடு என்றால் மூக்குக்கும் நெஞ்சுக்கும் வருவது. வானத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று யாரும் பேசவில்லை.

உலக விவாதம் இங்கு வந்த விதம்

நிலக்கரி எரிவதால் காற்றில் கரியமில வாயு கூடிப் பூமி சூடாகும் என்று 1896-லேயே ஸ்வீடன் அறிஞர் அர்ரேனியஸ் கணக்கிட்டிருந்தார். 1988-ல் ஐ.நா. சார்பில் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு அமைந்தது. மேலை நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், ‘இது உண்மையா’ என்பதே பல ஆண்டுகள் சண்டையாக இருந்தது. இந்தியாவில் கேள்வி வேறாக எழுந்தது. 1991-ல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய சிறுநூல், ஏழை நாட்டு உழவர் பிழைப்புக்காக வெளியிடும் வாயுவையும் பணக்கார நாட்டுச் சொகுசு கார் வெளியிடும் வாயுவையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம் என்று வாதிட்டது. இந்திய அரசின் நிலைப்பாட்டில் அந்த வாதத்தின் சாயல் இன்றும் தெரிகிறது.

பொதுமக்கள் நிலை பற்றி யேல் பல்கலைக்கழகமும் சிவோட்டர் நிறுவனமும் 2021–22-ல் இந்தியா முழுவதும் நடத்திய கருத்தாய்வு தெளிவாகச் சொல்கிறது. புவி வெப்பமாதலைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 54 சதவீதம். அது இன்னதென்று சுருக்கமாக விளக்கிவிட்டுக் கேட்டபோது, ஆமாம், நடக்கிறது என்றவர்கள் 84 சதவீதம். இந்த ஆய்வு நாடு தழுவியது, கிருஷ்ணகிரிக்கென்று தனியாக எடுத்ததல்ல. ஆனாலும் இந்த மாவட்டத்து விவசாயியிடம் பேசியவர்களுக்கு அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரம் புரியும். மறுப்பவர் இங்கே அரிது. தன் தோட்டத்தில் பார்ப்பதை உலக நடப்போடு சேர்த்துச் சொல்ல வாய்ப்புக் கிடைக்காதவர்களே அதிகம்.

பூவும் மாங்காயும்

தளி, அமுதகொண்டப்பள்ளி, பாகலூர்ப் பக்கங்களில் பாலிஹவுஸ் ரோஜா விவசாயிகளின் கணக்கு நாள் கணக்கு. பிப்ரவரி 14 காதலர் தினச் சந்தைக்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பர் கடைசியை ஒட்டிக் கவாத்து செய்தாக வேண்டும். சுமார் ஆறேழு வாரத்தில் மொட்டு வெட்டுக்கு வரும். இரவுக் குளிர் குறைந்தால் பூ முந்திக்கொள்கிறது, விலை வருவதற்குள் அறுக்க வேண்டியதாகிறது. குளிரும் ஈரமும் கூடினால் பூ பிந்துகிறது, அடிச்சாம்பல் நோயும் வந்து சேர்கிறது. இரவின் வெப்பநிலையில் ஓரிரண்டு டிகிரி என்பது இவர்களுக்கு நேரடியாகப் பணம். பருவநிலையை இவ்வளவு துல்லியமாகக் கவனிக்கும் தொழில் மாவட்டத்தில் வேறில்லை என்றே சொல்லலாம்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் மா. அதிகமும் ‘பெங்களூரா’ என்கிற தோத்தாபுரி. பெரும்பகுதி மாங்கூழ் ஆலைக்குப் போகிறது. மா பூக்க வறண்ட குளிர் வேண்டும். பூத்த நேரத்தில் மேகமூட்டமும் ஈரமும் கூடினால் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும். பிஞ்சு பிடித்தபின் கடும் வெயில் அடித்தால் பிஞ்சு உதிர்வு. இந்த வரிசை குலைவதைப் பற்றி விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் பேச்சு எழும்போது, அது இழப்பீடு, விலை, மருந்து என்ற கோரிக்கைகளாகவே பதிவாகும். பல ஆண்டுப் பருவநிலைச் சாட்சியமாக அதைத் தொகுத்து வைக்கும் ஏற்பாடு வேண்டும். இருந்தால் பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் அளவீடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆறு

தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஓசூர் அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் வெள்ளைநுரை மலைபோல் எழுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த அளவுக்கு, அதே ஆற்றின் வெள்ள ஆபத்தைப் பற்றி வெளியூர் மக்கள் அறிந்ததில்லை. 1950-களில் கட்டிய கிருஷ்ணகிரி அணையின் ஒரு மதகு 2017 நவம்பரில் உடைந்தது. பிறகு மதகுகள் மாற்றப்பட்டன.

2024-ல் வந்தது பெரிய அடி. நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் மெல்ல நகர்ந்து, வலுவிழந்தபின் உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. மாவட்டத்துக்கு ஓர் ஆண்டில் கிடைப்பதில் பாதிக்கும் மேல் அது. நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கும் ஊருக்குப் புயல் வருமென்று யார் நினைத்தார்கள்?

ஒரு மழையை மட்டும் எடுத்து அதைப் புவி வெப்பமாதலின் கணக்கில் எழுதிவிட முடியாது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். பெய்யும்போது கனமாகப் பெய்யும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. ஏரிக் கலங்கலையும் பாலத்தின் அகலத்தையும் பழைய மழைக் கணக்கை வைத்துத் தீர்மானித்த ஊர்களுக்கு, இந்தச் சிறு விளக்கம் எந்தப் பிரசுரத்தையும்விடப் பயன் தரும்.

முடிவெடுப்பு

தமிழ்நாடு அரசு 2021-ல் சுற்றுச்சூழல் துறையின் பெயரில் காலநிலை மாற்றத்தையும் சேர்த்தது. 2022-ல் முதல்வர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கான ஆட்சிமன்றக் குழு அமைந்தது. மாவட்டந்தோறும் காலநிலை மாற்ற இயக்கம், அதற்கு ஆட்சியர் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர் என்று ஏற்பாடு. 2024-ல் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது முன்னோடியான அமைப்புதான். ஆனால் நிலத்தின் பயன்பாட்டையும் தொழிலின் இலக்குகளையும் தீர்மானிப்பது இந்த அமைப்பு அல்ல, தொழில் துறை.

மின்வண்டித் தொழில் இதற்கு நல்ல சான்று. மின் ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் நிறுவனம் பெங்களூருவிலிருந்து உற்பத்தியை ஓசூருக்குக் கொண்டுவந்தது. ஓலா போச்சம்பள்ளியில் 2021-ல் ஆலை திறந்தது. மொபெட் செய்த டிவிஎஸ் மின் ஸ்கூட்டரும் செய்கிறது. புகை வால் இல்லாத வண்டி இந்த மண்ணிலிருந்து போவது பெருமைக்குரியதே. ஆனால் 2023-ல் திருத்திய மாநில மின்வாகனக் கொள்கை தனக்கு வைத்த இலக்குகள் 50,000 கோடி ரூபாய் முதலீடும் ஒன்றரை லட்சம் வேலையும். குறைய வேண்டிய கரியமில வாயுவின் அளவு அப்படியொரு முதன்மை இலக்காக வைக்கப்படவில்லை. அந்த வண்டிகளுக்கு ஏறும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு இன்னும் பெரிது.

உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி ஊராட்சிகளில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-ல் விவசாயிகள் தொடர் காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். விளைநிலம், பாசனம், வாழ்வாதாரம் என்று அவர்கள் பேசியதில் பருவநிலையும் அடங்கியிருந்தது; அந்தப் பெயர் மட்டும் இல்லை.

சட்டப்படி மக்கள் வாய் திறக்கக் கிடைக்கும் இடம், 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம். ஓசூரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் 2,000 ஏக்கரில் அமையும் என்று 2024 ஜூனில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். விமான நிலையங்கள் அந்த அறிவிக்கையின் ‘ஏ’ பிரிவில் வருகின்றன; எனவே இதற்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தாக வேண்டும். கூட்டத்துக்கு முன் மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அது தமிழாகவே இருக்கும். எல்லையோர ஊர்கள் பலவற்றில் வீட்டுமொழி தெலுங்கு அல்லது கன்னடம். சுருக்கம் மூன்று மொழியிலும் வருமா, விமானப் போக்குவரத்தின் கரியமில வாயுக் கணக்கும் ஏரிகளின் கொள்ளளவும் அதில் இடம்பெறுமா என்பவையே இவ்வட்டாரத்தில் அடுத்துத் தீர வேண்டிய கேள்விகள்.