கச்சானும் வழிப்போக்கனும்

இலண்டனில் வாழும் பழைய நண்பர் ஒருவர் வரும் ஆடி மாதம் தம் பிள்ளைகளுடன் தம்பலகாமத்துக்குப் போகவிருக்கிறார். ஆதிகோணநாயகரைத் தரிசித்து, தாம் பிறந்த வளவைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்புவது அவரது எண்ணம். "அந்த வெக்கையில் இதுகளை எப்படிக் கூட்டிக்கொண்டு திரிவது? என்னென்ன கொண்டு வரவேண்டும்?" என்று கேட்டு எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். அது ஒரு கடிதத்துக்குள் அடங்காமற் போயிற்று.

வெக்கை என்று அவர் எழுதினாரே, எம்மவர் சூட்டை அந்த ஒரு சொல்லால் மட்டும் அழைப்பதில்லை. வெயில் தலையில் விழுவது. வெக்கை நிலத்திலிருந்தும் சுவரிலிருந்தும் எழுந்து முகத்தில் அடிப்பது. புழுக்கம் என்பது காற்று விழுந்த வேளையில் இருந்த இடத்திலேயே உடம்பை அவிப்பது. திருகோணமலை மாவட்டத்தில் பங்குனி, சித்திரை புழுக்கத்தின் காலம். வைகாசியில் கச்சான் தொடங்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இப்பக்கம் இறங்கும்போது உலர்ந்து சூடேறி வருகிறது. அதுவே கச்சான். பகலில் கடற்காற்று அதனை எதிர்த்து உள்ளே வர முயலும். எந்தக் காற்று வெல்கிறது என்பதைப் பொறுத்து அன்றைய பயணியின் கதி அமையும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உடம்பு வியர்ப்பதால் மட்டும் குளிர்வதில்லை. அந்த வியர்வை ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. கச்சான் வீசும்போது தோல் உலர்கிறது, மண்பானைத் தண்ணீரும் சில்லென்று ஆகிறது. காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் இரண்டுமே நடப்பதில்லை. வியர்வை வழிகிறது, உடம்பு குளிர்வதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 பாகை செல்சியஸைக் காட்டினால், நிழலில் சும்மா இருப்பவனும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டான் என்று 2010இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திடகாத்திரமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, 31 பாகை அளவிலேயே உடம்பு தன் சூட்டைச் சமாளிக்க முடியாமல் திணறியது.

வட இந்தியாவில் வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்து அறையைக் குளிர்வித்த வித்தை அங்குள்ள வறண்ட கோடைக்கு ஏற்றது. கடலோரப் புழுக்கத்தில் அதனால் பயனில்லை. வெள்ளைக்காரத் துரைமார் அமெரிக்காவின் பொஸ்டனிலிருந்தே பனிக்கட்டியைக் கப்பலில் இறக்கினார்கள். 1833இல் அது கல்கத்தாவுக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் அதற்கென 1842இல் கட்டிய ஐஸ்ஹவுஸ் கட்டடம் இன்றும் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. 1934இல் பம்பாயிலிருந்து வடக்கே ஓடிய ஃபிரண்டியர் மெயில் பெட்டிகளின் அடியில் பனிக்கட்டிகளை வைத்துக் காற்றைக் குளிர்வித்தார்கள். இவையெல்லாம் காசுள்ளவர் பெற்ற குளிர்ச்சி.

மற்றவர்களுக்கு இருந்தவை நிழல், காற்று, தண்ணீர், நேரம் ஆகிய நான்குதாம்.

நிழலுக்கு ஒரு சாட்சி தம்பலகாமத்துக்கு அயலிலேயே உண்டு. புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் 1659இல் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. கப்பல் தலைவர் ரொபட் நொக்ஸ் கரையில் ஒரு புளியமரத்தடியில் அமர்ந்திருந்த வேளையில்தான் 1660இல் கண்டி அரசன் இராஜசிங்கனின் ஆட்கள் அவரைச் சிறைப்பிடித்தார்கள். தந்தை சிறையிலேயே காலமானார். அதே பெயர் கொண்ட மகன் 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கிடந்து, 1679இல் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் தாளிப்பனை ஓலையை அவர் வியந்து பேசுகிறார். ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மூடும், காய்ந்தபின் விசிறிபோல மடித்தால் ஒரு கைத்தடிமனுக்கு ஒடுங்கும், நிறையும் இல்லை. வழிப்போக்கர் அதன் துண்டொன்றைக் கூர்முனை முன்னே இருக்கத் தலையில் வைத்து, வெயிலையும் மழையையும் தடுத்தபடி புதர்களை விலக்கி நடப்பர். இரவில் போர்வீரருக்கு அதுவே கூடாரம். ஏழைகளுக்கு இறைவன் தந்த கொடையாகவே நொக்ஸ் அதைக் கண்டார்.

தண்ணீரைப் பற்றிச் சொல்வதானால் யாழ்ப்பாணத்துக்குத்தான் போகவேண்டும். பழைய வீதிகளில் மடம், கேணி, சுமைதாங்கி, மாடு உடம்பு உரைஞ்ச ஆவுரோஞ்சிக்கல் ஆகிய நான்கும் கூட்டாக இருந்தன. பருத்தித்துறையில் வீதியையே மூடிக் கட்டிய தெருமூடிமடத்தை இன்றும் காணலாம். வீட்டுப் படலைக்கு மேல் சிறு கூரை வேய்ந்த சங்கடப்படலையில், தெருவில் போகிறவர்களுக்காகத் தண்ணீர்ப் பானை வைப்பதும் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் மலையாளக் கரையில் பயணம் செய்த இபுன் பதூதாவும் அரை மைலுக்கு ஒரு மர மண்டபம், உட்காரத் திண்ணை, பக்கத்தில் கிணறு, தண்ணீர் வார்க்க ஓர் ஆள் என்று எழுதிவைத்திருக்கிறார்.

பழம்பெருமை பேசும்போது இன்னொன்றையும் மறைக்கலாகாது. அந்தத் தண்ணீர் எல்லாருக்கும் ஒரே மாதிரி வார்க்கப்படவில்லை. பதூதாவின் கையில்தான் ஊற்றினார்கள். பாத்திரத்தை அவர் தொடக்கூடாது. எங்கள் ஊர்களிலும் ஒருவனுக்குச் செம்பு, இன்னொருவனுக்கு ஓலைப் பிளா. மடத்துத் திண்ணையில் ஏறியிருக்க எல்லாருக்கும் உரிமை இருக்கவில்லை. தாகம் ஒன்றாக இருந்தும் வழி இரண்டாக இருந்தது.

நேரம் என்பது வண்டிக்காரர் கண்ட வைத்தியம். கிடுகுக் கூடாரம் கட்டிய மாட்டு வண்டிகள் கந்தளாய்க் காட்டுவழியில் யானைக்குப் பயந்து தொடராகவே செல்லும் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விடியற்புறத்தில் புறப்பட்டு, வெயில் ஏறியதும் மருதமர நிழலில் மாட்டை அவிழ்த்து, பொழுது சாய்ந்தபின் மீண்டும் பூட்டுவார்கள். கதிர்காமப் பாதயாத்திரை போகும் அடியார்கள் இன்றும் இந்த ஒழுங்கில்தான் நடக்கிறார்கள். அவர்கள் கீழ்க்கரை வழியாக இறங்குவதே கச்சான் காலத்தில்தான்.

1927இல் திருகோணமலைக்குப் புகையிரதம் வந்தது. கொழும்பிலிருந்து இரவு தபால் வண்டியில் ஏறினால் சூடு தெரியாது. யன்னலைத் திறந்து வைத்து, கல்லோயாச் சந்தி தாண்டியபின் காட்டுக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வந்த இரவுகளைப்போல் எந்தக் குளிரூட்டியும் எனக்குத் தந்ததில்லை. புகைக்கரி கண்ணில் விழுந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிறகு யுத்தம் வந்தது. பல வீதிகளின் இருமருங்கும் மரங்கள் வெட்டப்பட்டு வெளியாயின. தொண்ணூறுகளில் ஒரு மத்தியானம், செய்தி சேகரிக்கச் சென்ற வழியில், ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எங்களை இறக்கினார்கள். பொதிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை. கைக்குழந்தையோடு நின்ற பெண்ணொருத்தி மயங்கி விழுந்தாள். அக்கரைக் குடிசையிலிருந்து ஒரு கிழவி வாளியும் சிரட்டையுமாக வந்து, யார் எவர் என்று கேளாமல் வரிசை முழுவதற்கும் வார்த்தாள். காவலுக்கு நின்ற பொடியனும் கை நீட்டினான். அவனுக்கும் வார்த்தாள்.

2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை கிண்ணியாத் துறையில் 'பாதை'க்குக் காத்து நின்றவர்களுக்கும் இந்த வெயில் தெரியும். இப்போது வீதி அகலமாகி விட்டது. குளிரூட்டிய வான்கள் யன்னலை மூடிக்கொண்டு பறக்கின்றன. சைக்கிளில் வயலுக்குப் போகிறவனுக்கும் பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைக்கும் மரமும் இல்லை, மடமும் இல்லை.

நண்பருக்கு இப்படி எழுதினேன்: கட்டுநாயக்காவில் வான் பிடிப்பதானால் இரவில் புறப்படுங்கள். கந்தளாய்க் குளக்கட்டில் விடியவேண்டும். கண்ணாடியை அங்கே திறந்து விடுங்கள். வீதியோரம் எருமைத் தயிர்ச் சட்டி வாங்கி, தண்ணீர் விட்டு, உப்பும் தேசிக்காயும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பதினொரு மணிக்குப் பின் பொழுது சாயும்வரை கோயில் மண்டபத்தை விட்டு இறங்காதீர்கள். மின்விசிறித் தொப்பி என்று ஏதோ எழுதியிருந்தீர்கள், அது வேண்டாம்.

அதற்கு அவர் அனுப்பிய பதிலில் வேறொன்றும் இல்லை. தம் வளவில் நின்ற பழைய புளியமரம் இன்னும் நிற்கிறதா என்று மட்டும் யாரிடமாவது விசாரித்துச் சொல்லச் சொன்னார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.